இல்லாத மாளிகையின் ஒளி

நாம் வாழும் இத் தில்லி மாநகரில் பழைய கோட்டை நிற்கும் மேட்டைச் சுட்டிக்காட்டி, 'பாண்டவர் ஆண்ட இந்திரப்பிரத்தம் இதுவே' என்று கூறும் மரபு ஒன்று உண்டு. அந் நகரில் மயன் என்னும் தச்சன் பாண்டவர்க்கு ஒரு மண்டபம் அமைத்துத் தந்தான்; அதனுள் புகுந்த துரியோதனன் பளிங்குத் தரையை நீரென்று மயங்கி ஆடையை உயர்த்திக்கொண்டு நடந்தான்; பின்னர் நீரைத் தரையென்று மயங்கி வீழ்ந்தான் என்பது பாரதக் கதை. அம் மண்டபத்தின் நீளம் எவ்வளவு, தூண்கள் எத்தனை என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விடை கூற இயலாது. ஆயினும், அத் தரையின் பளபளப்பு மட்டும் நம் மனக்கண்ணை விட்டு அகலவில்லை.

சீத்தலைச் சாத்தனாரும் மணிமேகலையில் இத்தகைய மண்டபம் ஒன்றை அமைத்துள்ளார். உவவனத்தில் இருந்த அப் பளிக்கறையின் உள்ளே இருப்பவர் உருவம் வெளியே தோன்றும். அவர் குரல் வெளியே கேளாது. உதயகுமரன் வருவதை அறிந்து மணிமேகலை புகுந்துகொண்டது அதனுள்ளேதான். கல்லும் சுண்ணாம்பும் இன்றி, ஒளி ஒன்றையே துணையாகக் கொண்டு புலவர்கள் எழுப்பிய கட்டடங்கள் இவை.

இல்லாத மாளிகைகளை எழுப்பும் அக் கலை இன்று கணிப்பொறியின் திரைக்கு வந்து சேர்ந்துள்ளது. எவரும் கண்டிராத கோட்டைக் கூடங்களையும், பாழடைந்த நூலகங்களையும், நிலத்தடி அரண்மனைகளையும் கணிப்பொறியில் வரைவது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. டிஜிட்டல் ஓவியம் என்று அதனை வழங்குவர். திரைப்படங்கட்கும் கணிப்பொறி விளையாட்டுகட்கும் அவ் ஓவியங்கள் வேண்டப்படுகின்றன. நம் காலனி இல்லங்களிலும் பிள்ளைகள் சிலர் இரவு வெகுநேரம் விழித்திருந்து இதனைப் பயில்கின்றனர். 'இஃது என்ன விளையாட்டு?' என்று பெற்றோர் வினவுகின்றனர். இது விளையாட்டன்று, ஏறத்தாழ அறுநூறு ஆண்டு வரலாறு உடைய கலை. அவ் வரலாற்றையும், அக் கலையின் உயிர் எங்கே நிற்கின்றது என்பதையும் ஈண்டுக் காண்போம்.

கோடுகள் கூடும் இடம்

இராமேசுவரம் திருக்கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் ஒரு கோடியில் நின்று மறுகோடியை நோக்கியவர் ஒன்றைக் கண்டிருப்பர். இருபுறமும் நிற்கும் தூண் வரிசைகள் போகப்போக நெருங்குகின்றன, மேற்கூரை தாழ்கின்றது, தரை உயர்கின்றது, முடிவில் எல்லாம் ஒரு புள்ளியில் கூடுகின்றன. உண்மையில் தூண்கள் நெருங்கவும் இல்லை. கூரை தாழவும் இல்லை. கண் அவ்வாறு காண்கின்றது. கண் காணும் இவ் வியல்பைக் கணக்காக்கி, தட்டையான சுவரிலும் ஆழத்தைக் காட்ட இயலும் என்று மெய்ப்பித்தவர்கள் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரத்தார். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி அதனைச் செய்து காட்டினார். ஆல்பெர்ட்டி என்னும் அறிஞர் 1435ஆம் ஆண்டில் ஓவியம் பற்றிய தம் நூலில் அம் முறையை எழுத்தில் வடித்தார். அதற்கும் முன்னரே, ஏறத்தாழ 1427ஆம் ஆண்டில், மசாச்சியோ என்னும் இளைஞர் அந் நகரத்து ஆலயச் சுவர் ஒன்றில், உள்வாங்கிய வளைகூரையுடைய ஒரு சிற்றறையையே தீட்டிவிட்டார். சுவரில் குடைந்தெடுத்த அறையோ என்று இன்றும் காண்போர் ஐயுறுமாறு அஃது அமைந்துள்ளது.

இக் கணக்கின் எல்லையைக் காண விரும்புவோர் உரோமாபுரியில் உள்ள புனித இக்னேஷியஸ் ஆலயத்திற்குச் செல்லுதல் வேண்டும். அவ் ஆலயத்திற்குக் குவிமாடம் ஒன்று எழுப்பத் திட்டமிட்டனர். ஆனால் அது கட்டப்படவில்லை. ஆண்டிரியா போட்சோ என்னும் இயேசு சபைத் துறவி 1685ஆம் ஆண்டில் ஒரு பெரிய துணியில் குவிமாடத்தின் உட்புறத்தைத் தீட்டி, மாடம் இருக்கவேண்டிய இடத்தில் அதனைப் பொருத்திவிட்டார். தரையில் அதற்கென ஓர் இடம் குறிக்கப்பட்டுள்ளது. அவ் விடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மாடம் வான் நோக்கி உயர்கின்றது. அவ் விடம் விட்டு வெகுதூரம் நகர்ந்தால் மாடம் ஒருபுறம் சாய்கின்றது. காண்பவன் நிற்கும் இடத்தைத் துணிந்த பின்னரே கற்பனை அறையை எழுப்ப இயலும் என்பது போட்சோ கற்பித்த பாடம். இன்று கணிப்பொறி ஓவியர் முதற்கண் 'கேமரா எங்கே நிற்கின்றது?' என்று கேட்பதும் இதுவே.

ஒரே புள்ளியில் எல்லாக் கோடுகளும் கூடினால் காட்சி அடங்கிவிடுகின்றது. அரங்கத்தின் நடுவே நிற்கும் மாளிகை அங்கேயே முடிந்துவிடுகின்றது. இக் குறையை நீக்கியவர் பெர்டினான்டோ கல்லி பிபியெனா என்னும் நாடக அரங்க ஓவியர். 1711ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், மாளிகையை மூலைப் பாங்காகத் திருப்பி வைத்து வரையும் முறையை விளக்கினார். கோடுகள் இடமும் வலமும் ஓடி அரங்கத்திற்கு அப்பால் எங்கோ கூடும். காண்போர் கண்ணுக்குத் தெரியாத கூடங்கள் இன்னும் பல உள்ளன என்ற எண்ணம் பிறக்கும். காட்டியது கையளவு, காட்டாது உணர்த்தியது கடலளவு.

செப்புத் தகட்டில் ஒரு சிறை

அரங்க ஓவியம் பயின்ற மற்றொருவர் ஜியோவன்னி பத்திஸ்டா பிரனேசி. 1720ஆம் ஆண்டில் கல் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, வெனிசு நாட்டில் வளர்ந்தவர் அவர். உரோமாபுரிக்கு வந்து அந் நகரின் பாழடைந்த கட்டடங்களை அளந்தும் வரைந்தும் புகழ் பெற்றார். அவர் ஏறத்தாழ 1750ஆம் ஆண்டில் 'சிறைகள்' என்னும் பெயரில் 14 செப்புத் தகட்டுச் சித்திரங்களை வெளியிட்டார். எந்நாட்டிலும் இல்லாத சிறைகள் அவை. எங்கும் சென்று சேராத படிக்கட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாய் எழும் வளைவுகள், தொங்கும் கயிறுகள், எறும்பளவாய்த் தோன்றும் மனிதர்கள் ஆகியவற்றால் நிறைந்தவை.

1761ஆம் ஆண்டில் பிரனேசி அத் தகடுகளை மீண்டும் கையில் எடுத்தார். புதியன இரண்டைச் சேர்த்து 16 ஆக்கினார். பழைய தகடுகளில் கோடுகளை மேலும் ஆழமாக அரிப்பித்து இருளைக் கூட்டினார். புதிய படிகளையும் பாலங்களையும் இடையிட்டார். இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஓர் உண்மையை உணர்வர். முதற்பதிப்பில் நாம் காண்பது கட்டடத்தை. இரண்டாம் பதிப்பில் நம்மைத் தொடுவது அச்சம். சுவர்கள் பெரும்பாலும் அவையே. மாறியது ஒளியின் அளவு. இன்று 'சூழலுணர்வு' என்று இக் கலைஞர் கூறும் பண்பு முழுவடிவில் வெளிப்பட்டது இவ் விருள் தகடுகளிலே எனலாம். பாழ்மண்டபங்களை ஆண்டுக்கணக்கில் அளந்த கை வரைந்ததனால் அன்றோ அப் பொய்ச் சிறைகள் மெய்யாகத் தோன்றின!

படுதாவிலிருந்து படப்பிடிப்புக் கூடம் வரை

நம் நாட்டில் இக் கலை நாடகப் படுதாவில் வளர்ந்தது. பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகக் கொண்டுவந்த சுருள் படுதாக்களில் அரசவை, அந்தப்புரம், கடைத்தெரு, கானகம் முதலியன தீட்டப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் கன்னையா நாடகக் குழுவும், பின்னர் நவாப் இராசமாணிக்கம் குழுவும் காட்சியமைப்பிற்கெனவே பெயர் பெற்றன. கதை தெரிந்த நாடகத்தையே மீண்டும் மீண்டும் காணச் சென்ற நம் முன்னோர், பாட்டைக் கேட்பதற்கு மட்டும் சென்றாரல்லர். மண்ணெண்ணெய் விளக்கொளியில் மின்னிய அரண்மனையைக் காண்பதற்கும் சென்றனர்.

திரைப்படம் வந்தபின் இக் கலை புதிய வழிகளைக் கண்டது. அமெரிக்கராகிய நார்மன் டான் 1907ஆம் ஆண்டில், கேமராவின் முன்னே ஒரு கண்ணாடியை நிறுத்தி, இடிந்த கட்டடத்தின் குறைப்பகுதிகளை அக் கண்ணாடியில் தீட்டிப் படம்பிடித்தார். படத்தில் கட்டடம் முழுமையாகத் தோன்றியது. 1927ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' என்னும் செருமானியப் படத்தில், யூஜின் ஷுஃப்டன் ஒரு கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, அதில் தெரியும் சிறு உருமாதிரிக் கட்டடத்தையும் நேரே நிற்கும் நடிகரையும் ஒரே படத்தில் இணைத்தார்.

1947ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளாக் நார்சிசஸ்' என்னும் ஆங்கிலப் படம் நமக்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. இமயமலையில் பழைய அரண்மனை ஒன்றில் வாழ வந்த கன்னியர் கதை அது. ஆயினும் படக்குழுவினர் இந்தியாவிற்கு வரவேயில்லை. மலையும் பள்ளத்தாக்கும் ஓவியங்கள். மாளிகை இலண்டனுக்கு அருகே பைன்வுட் படப்பிடிப்புக் கூடத்தில் எழுந்தது. கலை இயக்குநர் ஆல்பிரட் யுங்கே, ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் ஆகிய இருவரும் ஆஸ்கர் பரிசு பெற்றனர். டச்சு ஓவியர் வெர்மீர் தம் அறைகளில் சாளரத்து ஒளியைத் தீட்டிய முறையைத் தாம் பின்பற்றியதாகக் கார்டிஃப் கூறியுள்ளார். இமயத்தைக் காணாதவர் இமயத்து மாளிகையை எவ்வாறு நம்ப வைத்தார்? சாளரத்து ஒளி வெண்சுவரில் விழும் வகையை அவர் நன்கு கற்றிருந்தார். அவ் வொளியே மாளிகையை நம் கண்முன் நிறுத்தியது.

நம் நாட்டுப் படங்களுள் இரண்டனைக் குறித்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டில் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'மாயா பஜார்' படத்திற்காகச் சென்னை வாகினி படப்பிடிப்புக் கூடத்தில் துவாரகை நகரம் சிறு உருவில் எழுந்தது; ஏறத்தாழ 300 சிறு வீடுகள் மின்விளக்குடன் அமைக்கப்பட்டன. கோகலே, கலாதர் ஆகியோர் கலை இயக்குநர்கள். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி படைத்த நிலவொளிக் காட்சிகள் இன்றும் போற்றப்படுகின்றன. 1960ஆம் ஆண்டில் வெளிவந்த 'முகலே ஆஸம்' படத்தின் கண்ணாடி மாளிகை பம்பாயில் எழுந்தது. கலை இயக்குநர் எம். கே. சையது. பெரோசாபாத்துக் கைவினைஞர்கள் பெல்ஜியக் கண்ணாடியைப் பதித்து ஏறத்தாழ ஈராண்டு உழைத்தனர். மாளிகை முடிந்த பின்னரே இடர் தோன்றியது. எண்ணற்ற கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியைக் கேமராவின் மீதே வீசின. ஒளிப்பதிவாளர் ஆர். டி. மாத்தூர் விளக்கை நேரே காட்டாமல், ஒளியைப் பிறிதொன்றில் பட்டுத் திரும்பச் செய்து அவ் விடரை வென்றார். கட்டியது ஈராண்டு வேலை. அதற்கு ஒளியூட்டுவது அதனினும் அரிய வேலை.

எண்களால் ஒரு சுவர்

கணிப்பொறிக்கு வருவோம். 1963ஆம் ஆண்டில் ஐவன் சதர்லேண்ட் என்னும் அமெரிக்கர், ஒளிக்கோல் ஒன்றால் திரையில் கோடு வரையும் முறையை அமைத்தார். தொடக்கத்தில் கணிப்பொறி வரைந்தவை கம்பிக்கூடு போன்ற வெற்றுக் கோடுகளே. பின்னர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பலர் கூடி அக் கூட்டிற்கு மேனியும் நிழலும் தந்தனர். வளைந்த பொருளின்மேல் தோன்றும் ஒளிப்புள்ளியைக் கணக்கிடும் முறையை வகுத்த பூய் துவோங் ஃபோங் வியத்நாமில் பிறந்தவர். 1975ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்தார். அவர் பெயர் இன்றும் அம் முறைக்கு வழங்குகின்றது.

1980ஆம் ஆண்டில் டர்னர் விட்டெட் என்பவர் ஒரு படத்தை வெளியிட்டார். கட்டம் போட்ட தரையின்மேல் இரு கோளங்கள். ஒன்று கண்ணாடி போல் ஊடுருவிக் காட்டும். மற்றொன்று சூழ உள்ளவற்றை எதிரொளிக்கும். கண்ணிலிருந்து ஒளிக்கதிரைப் பின்னோக்கி அனுப்பி, அது எதன்மேல் பட்டு எங்கே திரும்புகின்றது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடும் முறை அது. அவ் வொரு படத்தை முடிக்கக் கணிப்பொறிக்கு 74 நிமிடம் ஆயிற்று. மயன் மண்டபத்தில் துரியோதனனை மயக்கியவையும் ஊடுருவலும் எதிரொளியுமே என்பதை நினைக்குமிடத்து, கணிப்பொறி மயனிடம் எடுத்துக்கொண்ட முதற்பாடம் இதுவென்று கூறத் தோன்றுகின்றது.

எனினும் அப் படங்களில் ஒரு வறட்சி இருந்தது. நிழல்கள் கத்தியால் வெட்டியவை போல் இருந்தன. காரணம் யாது? வீட்டு முற்றத்தில் சிவப்புச் சேலை ஒன்றை உலர்த்தினால், எதிரே உள்ள சுண்ணாம்புச் சுவரில் மெல்லிய செம்மை படர்வதைக் கண்டிருக்கின்றோம். ஒளி ஒரு பொருளில் பட்டு அதன் நிறத்தையும் ஏந்திக்கொண்டு அடுத்த பொருளுக்குச் செல்கின்றது. அறையின் உட்புறம் இவ்வாறு சுவருக்குச் சுவர் தாவும் ஒளியாலேயே நிறைகின்றது. கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 1984ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். வண்ணச் சுவருடைய ஒரு சிறு பெட்டியே அவர்கள் எடுத்துக்கொண்ட அறை. பின்னர் அத்தகைய பெட்டியை உண்மையாகவே செய்து வைத்து, கணிப்பொறிப் படத்தோடு ஒப்பிட்டும் சோதித்தனர். 1986ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கஜியா என்பார் இவ் வொளிக் கணக்குகள் அனைத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார்.

இன்னும் ஒன்று குறைந்தது. கணிப்பொறி வரைந்த சுவர்கள் அளவுக்கு மிஞ்சித் தூயவையாக இருந்தன. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த 'ட்ரான்' படத்தில் பணியாற்றிய கென் பெர்லின், அவ் வியந்திரத் தூய்மையில் மனம் நிறைவுறாராய், மேகம், சலவைக்கல், துரு, மூடுபனி முதலியவற்றின் ஒழுங்கற்ற ஒழுங்கைத் தரும் கணக்கு ஒன்றை வகுத்தார். அதற்காக 1997ஆம் ஆண்டில் அவர்க்கு ஆஸ்கர் கழகத்தின் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. கற்பனை மாளிகையின் சுவரில் அழுக்கும் காரையும் படிய வழி செய்தமைக்குப் பரிசு!

தீவில் ஒரு நூலகம்

இக் கணக்குகளெல்லாம் கலையாக மலர்ந்ததற்கு 1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிஸ்ட்' என்னும் விளையாட்டைச் சான்றாகக் காட்டலாம். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர் அதனை ஒரு சிறு குழுவுடன் உருவாக்கினர். ஆளில்லாத் தீவு ஒன்றில் நூலகம், கோளரங்கு, நிலத்தடி அறைகள் முதலியன. சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. அறைக்கு அறை சென்று உற்று நோக்குவதே விளையாட்டு. ஏறத்தாழ 2,500 நிலைப்படங்களைக் கணிப்பொறியில் ஒவ்வொன்றாக உருவாக்கிக் குறுந்தகட்டில் அடக்கினர். அவ் விளையாட்டு அறுபது இலட்சத்திற்கு மேற்பட்ட படிகள் விற்றது. அசையாத அறைகளைக் காண்பதற்கு இத்தனை மக்கள் விரும்பினர் என்பது வியப்பன்றோ? அவ் அறைகளில் யாரோ சற்றுமுன்வரை இருந்து எழுந்து சென்றது போன்ற குறிப்பு இருந்தது. அதுவே மக்களை ஈர்த்தது.

ஓவியரின் தூரிகையும் அதே காலத்தில் கணிப்பொறிக்குள் புகுந்தது. நோல் உடன்பிறந்தார் உருவாக்கிய போட்டோஷாப் 1990ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் வெளிவந்த 'டை ஹார்ட் 2' என்னும் படத்தில், கையால் தீட்டிய பின்னணி ஓவியத்தைக் கணிப்பொறியில் ஏற்றி நடிப்புக் காட்சியுடன் இணைத்தனர். எனினும் காகிதமும் பென்சிலும் மறையவில்லை. 2001ஆம் ஆண்டில் தொடங்கிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் வரும் நிலத்தடித் தூண் மண்டபங்களும் அரசவைகளும் முதலில் ஆலன் லீ, ஜான் ஹோ என்னும் இரு முதிர்ந்த ஓவியரின் பென்சிலிலேயே பிறந்தன.

இக் கருவிகளின் விலை ஒரு தடையாக இருந்தது. நெதர்லாந்து நாட்டவராகிய டான் ரூசெண்டால், தாம் அமைத்த பிளெண்டர் என்னும் மென்பொருளைப் பொதுவுடைமையாக்க விரும்பி, 2002ஆம் ஆண்டில் மக்களிடம் நிதி வேண்டினார். ஏழு வாரத்தில் ஒரு இலட்சம் யூரோ சேர்ந்தது. அன்று முதல் அஃது எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றது. அதனைக் கொண்டே உருவாக்கிய 'ஃப்ளோ' என்னும் லாட்விய நாட்டுப் படம் 2025ஆம் ஆண்டில் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது.

கூடத்தில் காற்று

இன்று ஓர் ஓவியர் இத்தகைய கூடம் ஒன்றை எழுப்பும் முறையைச் சுருங்கக் காண்போம். முதலில் அவர் நிறத்தைத் தொடுவதில்லை. கருமை, சாம்பல், வெண்மை என்னும் மூன்று படிகளிலேயே காட்சியைப் பிரிக்கின்றார். அண்மையில் உள்ள தூண் இருண்டு நிற்கும். இடையில் உள்ள தரை ஒளி பெறும். தொலைவில் உள்ள சுவர் வெளிறித் தோன்றும். இடையே உள்ள காற்றும் தூசும் சேய்மைப் பொருளை மங்கச் செய்யும் இயல்பே இதற்கு அடிப்படை. பின்னர் ஒளி எங்கிருந்து வருகின்றது என்பதைத் துணிகின்றார். பல திசைகளிலிருந்து வரும் ஒளி அறையைத் தட்டையாக்கும். ஒரு சாளரம், ஒரு விளக்கு, ஒரு கூரைப் பிளவு போதும். அவ் வொளி செல்லும் வழியில் புகையோ தூசோ இருந்தால் கதிரே ஒரு தூண் போல் கண்ணுக்குத் தெரியும். அதன்பின் அளவு காட்ட ஒரு படியையோ மனித உருவையோ வைக்கின்றார். இறுதியாக, வாழ்ந்த தடத்தைச் சேர்க்கின்றார்: தேய்ந்த படியின் நடுப்பள்ளம், விளக்கு மாடத்தின்மேல் படிந்த கரி, கை பட்டுப் பட்டு மெருகேறிய கதவுக் கைப்பிடி.

இவற்றுள் எதனையும் நாம் அறியாதவர் அல்லோம். நம் கோயில்களில் வெயில் காயும் வெளிப் பிராகாரத்திலிருந்து நிழல் மண்டபத்திற்கும், அதிலிருந்து இருண்ட அர்த்த மண்டபத்திற்கும், முடிவில் எண்ணெய் விளக்கு ஒன்றே ஒளிரும் கருவறை முன்னும் செல்கின்றோம். உயரம் குறைகின்றது, இருள் கூடுகின்றது, கற்பூரப் புகையினூடே தீப ஒளி பரவுகின்றது. பிரனேசி செப்புத் தகட்டில் தேடியதை நம் சிற்பியர் கல்லிலேயே அமைத்தனர்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இனிப் பெற்றோர் வினாவிற்கு வருவோம். இக் கலை சோறு போடுமா? மறைக்காமல் கூறின், இத் தொழில் நிலையற்றது. புதுவைச் சிறுவன் ஒருவன் கதையைக் கூறும் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சிகளை உருவாக்கிய ரிதம் அண்டு ஹ்யூஸ் நிறுவனம், அப் படத்திற்காக 2013ஆம் ஆண்டில் ஆஸ்கர் பரிசு பெற்ற அதே மாதத்தில் நொடித்துப் போயிற்று. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் வீழ்ந்தபோது, பெங்களூரு, மும்பை நகரங்களில் அதன் கூடங்களில் பணியாற்றிய ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 2022ஆம் ஆண்டு முதல், சில சொற்களைத் தந்தால் சில நொடிகளில் கோட்டைக் கூடத்தை வரைந்து தரும் பொறிகளும் பரவிவிட்டன. விட்டெட்டின் கணிப்பொறி 74 நிமிடத்தில் இரு கோளங்களை வரைந்தது. இன்றைய பொறி நொடிகளில் ஓர் அரண்மனையை வரைகின்றது. அப்படியாயின் நம் பிள்ளைகள் இரவெல்லாம் கற்பது எதற்கு?

இவ் விடத்தில் நாம் கண்ட வரலாறு விடை கூறுகின்றது. அப் பொறி, முன்னர் வரையப்பட்ட எண்ணற்ற படங்களைக் கற்று, அவற்றின் சாயலையே தருகின்றது. எவை மிகுதியாக வரையப்பட்டனவோ அவையே அதனிடம் மிகுதி. ஐரோப்பியக் கோட்டையும் கிறித்துவ மடத்து வளைவுகளும் அதன் களஞ்சியத்தில் நிறைந்து கிடக்கின்றன. மழைநாளில் நம் ஊர் முற்றத்தில் வீழ்ந்து ஓடும் நீரின் மேல் நின்ற சாம்பல் ஒளியும், நெற்குதிர் வைத்த இருட்டறையில் ஓட்டுக்கூரையின் கண்ணாடி ஓடு வழியே இறங்கிய ஒற்றைக் கதிரும், காலை அடுப்புப் புகை படர்ந்த சமையற்கட்டும் அக் களஞ்சியத்தில் எத்துணை இருக்கும்? அவற்றை வரைந்தவர் சிலரே. இடிந்த உரோமாபுரியைப் பிரனேசி அளந்து வைத்தார். நம் முன்னோர் இல்லங்கள் இடிக்கப்படும்போது அளந்து வைத்தவர் எத்தனை பேர்?

நாம் பிழைப்பை நாடி வடக்கே வந்தோம். நம் பிள்ளைகள் அரசுக் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் பிறந்து வளர்ந்தனர். குழல்விளக்கு ஒன்று தலைக்கு மேல் நின்று எல்லா மூலைகளையும் ஒரே சீராக வெளுக்கும் அறைகளே அவர்கள் அறிந்தவை. அவர்கள் திரையில் எழுப்பும் மாளிகைகள் பிற நாட்டு விளையாட்டுகளில் கண்ட மாளிகைகளாகவே இருப்பதில் வியப்பில்லை. அது பிள்ளைகளின் குறையன்று. காட்டவேண்டிய நாம் காட்டாதிருக்கும் குறை.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, எஞ்சியிருக்கும் பழைய இல்லத்தில் பிள்ளையை ஒரு பகல் முழுதும் அமர்த்துங்கள். காலை ஏழு மணிக்கு முற்றத்து ஒளி எந்தத் தூணில் விழுகின்றது, நண்பகலில் எங்கே நிற்கின்றது, மாலையில் எந்தச் சுவரில் சிவக்கின்றது என்று குறிக்கச் சொல்லுங்கள். திண்ணையின் உயரத்தையும் நிலைவாயிலின் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அவ் வறையில் யார் பிறந்தார், யார் எங்கே அமர்ந்து உண்டார் என்று பாட்டியாரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஊர் வீடு இல்லாதவர், தில்லியிலேயே பழைய கோட்டையின் வாயிலில் ஒரு மாலைப்பொழுது நின்று நோக்கலாம்; ஒளி எங்கும் உள்ளது.

அவ்வாறு கண்ட பிள்ளை பின்னர் எத்தகைய கற்பனை மாளிகையை எழுப்பினும், அதன் மூலையில் எங்கோ நம் முற்றத்து ஒளி ஒரு கதிராய் இறங்கி நிற்கும். கருவிகள் மாறும், நிறுவனங்கள் தோன்றும், மறையும். கண்ணால் கண்டு கையால் அளந்த ஒளியைப் பிள்ளையிடமிருந்து எவரும் பறித்தல் இயலாது. அச் செல்வத்தைத் தருவது பெற்றோர் கடன். அதற்கு ஊக்கம் அளிப்பது நம் சங்கத்தின் கடன்.